வடபுறத்துக் களிமண்: நாட்டுச்செடி செத்து, வெடேலியா செழித்த ஒரு தோட்டத்தின் நிகழ்வு ஆய்வு

அக்கா போனில் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "நாட்டுச்செடி எங்க வெச்சாலும் வரும்னு நீதானேடா சொன்ன? இங்க நாட்டுச்செடி எல்லாம் செத்துப்போச்சு. வெளிநாட்டுச் செடி மட்டும் ஜம்முன்னு நிக்குது."

நான் அப்படிச் சொன்னது உண்மை. அது தப்பு என்று தெரிந்துகொள்ள இரண்டு மழைக்காலமும் ஒரு கோடையும் ஆயின. ஒரே ஒரு தோட்டத்தில் என்ன நடந்தது, ஏன் நடந்தது, மறுபடி எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதை எழுதி வைக்கிறேன். நிழலும் களிமண்ணும் சேர்ந்த இடத்தில் செடி வைக்கப் பார்ப்பவர்களுக்கு, எங்கள் பட்டியலைவிட எங்கள் தவறுகள் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.

இடம்

வீட்டின் வடபுறத்துச் சுவருக்கும் மதில் சுவருக்கும் நடுவில் பதினொரு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலமுள்ள ஒரு பட்டை. கிழக்கு முனையில் பழைய புங்கமரம். மேற்கு முனையில் மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய். நடுவில் கிடப்பது வீடு கட்டியபோது மணலும் ஜல்லியும் கொட்டி, ஆட்கள் நடந்து நடந்து இறுகிப்போன தரை. மண் முழுக்க களி. கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும்.

அக்காவுக்கு வேண்டியது எளிமையானது. புல்தரை வேண்டாம், தினமும் தண்ணீர் ஊற்ற முடியாது, வண்ணத்துப்பூச்சி வர வேண்டும், முடிந்தவரை நாட்டுச்செடியாக இருக்க வேண்டும்.

முதல் முயற்சி

நர்சரிக்காரர் "நிழலுக்கு வரும்" என்று சொன்னதை எல்லாம் வாங்கி வந்தோம். வெட்சி, கனகாம்பரம், நன்னாரி, செங்காந்தள் கிழங்கு, இன்சுலின் செடி, கல்வாழை, கொஞ்சம் பெரணி. காலி இடத்தை மூட, மஞ்சள் பூ பூக்கும் வெடேலியா. அவர் சொன்னபடியே ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, களிமண்ணை வெளியே எடுத்துவிட்டு, செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் தென்னைநார்க் கழிவும் கலந்து நிரப்பினோம். பார்க்க அருமையாக இருந்தது.

மழை முடிந்தபோது செங்காந்தள் கிழங்குகள் கையில் எடுத்தால் கூழாக வந்தன. வெட்சியின் இளம் இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. கனகாம்பரத்தில் பாதி வாடியது. மண்ணில் ஈரம் இருக்கும்போதே வாடியதுதான் வேடிக்கை. நன்னாரி மட்டும் தாக்குப்பிடித்தது. கல்வாழை ஆளுயரம் வளர்ந்தது. வெடேலியாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கணுவுக்குக் கணு வேர்விட்டு நடைபாதை வரை வந்துவிட்டது.

அதற்கப்புறம் கோடை வந்தது. நிழலில் இருந்த பெரணிகள் வெயிலில் கருகின. வடபுறத்தில் வெயிலா என்று அக்கா நம்பவே இல்லை.

இந்தப் பட்டியலில் எது நாட்டுச்செடி என்பதையும் அப்போதுதான் சரிபார்த்தோம். கல்வாழையின் தாவரவியல் பெயர் கன்னா இண்டிகா. பெயரில் 'இண்டிகா' இருக்கிறதே என்று நம்பியிருந்தேன். அது வெப்பமண்டல அமெரிக்காவின் செடி. நர்சரிகளில் இன்சுலின் செடி என்று விற்கும் ஆரஞ்சு நிறப் பூக்காரன் பிரேசில்காரன். வெடேலியாவும் வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு தொகுத்த பட்டியலில் உன்னிச்செடியோடு அதுவும் இருக்கிறது. எந்த வீட்டிலும் பார்க்கிற நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. எத்தனை தலைமுறையாக வாசலில் இருக்கிறது என்பது பிறப்பிடத்துக்குச் சாட்சி ஆகாது.

அதாவது அக்காவின் புகாரில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

ஏன் செத்தன

செத்த செடிகளைத் தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒவ்வொரு குழியும் ஒரு வாளி. சுற்றிலும் தண்ணீர் இறங்காத களி, உள்ளே பொலபொலவென்ற கலவை. மழைநீர் எல்லாம் எளிதான வழியாகப் பார்த்துக் குழிக்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் அங்கேயே நின்றுவிட்டது. வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ, காற்றும் அவ்வளவு தேவை. மண்ணிலுள்ள இடைவெளி எல்லாம் நாள்கணக்கில் நீரால் நிறைந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. கனகாம்பரம் ஈரத்தில் நின்றுகொண்டே வாடியதன் காரணம் அதுதான். நாம் என்ன செய்தோம் என்றால், வாடுகிறதே என்று இன்னும் ஒரு குடம் ஊற்றினோம்.

இதில் நிழலுக்கும் பங்கு உண்டு. வெயிலில் கிடக்கும் களிமண் சீக்கிரம் மேலே காய்ந்துவிடும். நிழலில் ஆவியாவது குறைவு என்பதால் அதே களி இன்னும் பல நாள் ஈரமாகவே கிடக்கும். ஆனால் அந்த நிழல் மரத்திலிருந்து வந்தால் கதை தலைகீழ். மரத்தின் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஓரிரு அடிக்குள்தான் இருக்கிறது. அவை ஈரத்தை எல்லாம் இழுத்துவிடும், மேலே இலைக்குடை சிறுமழையைத் தரைக்கே விடாது. ஒரே பட்டையில் ஒரு முனை சேறு, மறுமுனை வறட்சி. இரண்டுக்கும் "நிழலுக்கு வரும் செடி" என்ற ஒரே சீட்டை ஒட்டி வாங்கியதுதான் எங்கள் தப்பு. இந்த ஆய்வில் சொல்ல வேண்டிய ஒன்றே ஒன்று என்றால் இதுதான்: நிழலின் அளவைப் பார்ப்பதற்கு முன், அந்த நிழலில் தண்ணீர் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

அளந்தது

பெரிய கருவி எதுவும் இல்லை. ஈர மண்ணைப் பிசைந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடா போல் தள்ளிப் பார்த்தோம். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் உடையாமல் வந்தால் நல்ல களி என்று கணக்கு. எங்களுடையது ஏழு வரை வந்தது. பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்காரும், வண்டல் சில மணி நேரத்தில். களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது என்பதால் மறுநாள் வரைக்கும் கலங்கலாகவே மிதக்கும். எங்கள் பாட்டில் மூன்றாம் நாள்தான் தெளிந்தது.

இவற்றைவிட உதவியது வடிகால் சோதனை. முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக்கு மூன்று இடங்களில் குழி தோண்டி, ஒருமுறை தண்ணீர் நிரப்பி இறங்க விட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பார்த்தோம். மணிக்கு இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் வடிகால் மோசம். புங்கமரத்தடியில் மூன்றுக்கு மேல். நடுப்பகுதியில் ஒன்று. குழாய் முனையில் மறுநாள் காலையிலும் குழி நிறைந்தே இருந்தது.

வெயிலையும் எழுதி வைத்தோம். நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கும் குறைவாக நேரடி வெயில் பட்டால் முழு நிழல், மூன்றிலிருந்து ஆறு என்றால் அரை நிழல் என்பது பொதுவாகப் பின்பற்றும் அளவு. ஒரு நாள் பார்த்து முடிவு கட்டக் கூடாது என்பதை வடபுறம் சொல்லிக் கொடுத்தது. நிலநடுக்கோட்டுக்கும் கடக ரேகைக்கும் இடையில் உள்ள ஊர்களில் ஜூன் மாதத்தை ஒட்டி, ஊரைப் பொறுத்துச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை, நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். ஆண்டில் பெரும்பகுதி நிழலான வடபுறம் அப்போது வெயிலில் காயும். போதாததற்குப் புங்கமரம் கோடை தொடங்கும் முன் கொஞ்ச காலம் இலை உதிர்த்து நிற்கும். பெரணி கருகியதன் மர்மம் அவ்வளவுதான்.

கடைசியாக மண்ணின் கார அமிலத் தன்மை (pH, 7-க்கு மேல் போனால் காரம்). மரத்தடியில் 7.6, வீட்டுச் சுவரோரம் 8.3. சுவரோரம் கிளறினால் சிமென்ட் காரைத் துண்டுகளாக வந்தன, சுண்ணாம்பு கரைந்து மண்ணைக் காரமாக்கியிருக்கிறது. காரம் கூடினால் மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாது. வெட்சி அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடி. தென்னிந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்த அசல் நாட்டுச்செடிதான். ஆனால் அது பழகிய மண் சிமென்ட் காரை கலந்த களி அல்ல.

மண்ணை மாற்றுவதா, செடியை மாற்றுவதா

களிமண்ணில் மணல் கலந்தால் சரியாகும் என்று நிறையப் பேர் சொன்னார்கள். கொஞ்சம் மணல் கலந்தால் மணல்துகள்களின் இடைவெளியைக் களி நிரப்பி, செங்கல் போல இறுகும். உண்மையில் மாற்றம் தெரிய வேண்டுமானால் மண்ணின் பாதிக்கு மேல் மணலாக வேண்டும், அது வீட்டுத் தோட்டத்தில் நடக்கிற காரியம் இல்லை. ஜிப்சம் போடச் சொன்னார்கள். சோடியம் மிகுந்த களர் மண்ணில் அது வேலை செய்யும், எல்லாக் களிமண்ணுக்கும் மருந்தில்லை. மரத்தடியில் ஒரு அடி நல்ல மண் கொட்டலாம் என்ற யோசனையும் வந்தது. வேரின் மேல் அவ்வளவு மண் கொட்டினால் அதற்குக் காற்று போகாது, புங்கமரத்தையே இழக்க நேரும்.

களிமண்ணுக்கு நல்ல குணமும் உண்டு. மணல் மண்ணைப் போலச் சத்தைக் கழுவிக் கொண்டு போக விடாது, பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் மண்ணோடு சண்டை போடுவதை விட்டோம். செய்தது மூன்றே வேலை. நடுப்பகுதியில் இறுகிய தரையை, ஈரம் அளவாக இருந்த ஒரு வாரத்தில் கடப்பாரையால் நெம்பித் தளர்த்தி, இலைமக்கும் உரமும் மேலே பரப்பி, ஒரு சாண் உயர மேடாக்கினோம். குழாய் முனையில் தண்ணீரை விரட்டாமல், ஆழமில்லாத ஒரு பள்ளமாக வெட்டி அகலமாகப் பரவ விட்டோம். இரண்டு நாளில் வற்ற வேண்டும் என்பதில் கறாராக இருந்தோம், ஏனென்றால் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முதல் முறை நான்கு நாளானது, பள்ளத்தை நீட்டி ஆழத்தைக் குறைத்த பிறகுதான் சரிக்கு வந்தது. மூன்றாவது, புங்க இலையைப் பெருக்கி எரிப்பதை நிறுத்தினோம். மூன்று வேலையில் அக்காவை ஒப்புக்கொள்ள வைக்க அதிக நேரம் பிடித்தது இதற்குத்தான்.

மறுதேர்வு

இந்தத் தடவை ஒவ்வொரு செடியிடமும் ஒரே கேள்வி கேட்டோம்: காட்டில் நீ எங்கே நிற்பாய்? ஓடைக்கரையா, மரத்தடியா, வேலியோரமா, பாறை இடுக்கா? செங்காந்தளைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருக்கும். அது வேலியிலும் புதரிலும் பற்றி ஏறி, தலை வெயிலில் நீட்டி, மழை முடிந்ததும் கிழங்காகி உலர்ந்த மண்ணில் தூங்குகிற செடி. அதைச் சேற்றில் தூங்க வைத்தோம்.

குழாய் முனைதான் மிகச் சுலபம். ஈரக் களியை விரும்பும் நாட்டுச்செடிகள் நிறைய. இன்சுலின் செடியின் உறவான, ஆசியாவைச் சேர்ந்த கோஷ்டம் (தாவரவியலில் சீலோகாஸ்டஸ் ஸ்பீசியோசஸ்) சாலையோரப் பள்ளங்களிலும் ஈரக் காட்டோரங்களிலும் தானாக வளர்வது. இலைகள் தண்டைச் சுற்றிச் சுருள்படிக்கட்டு போல ஏறும், சிவப்பு மடல்களுக்கு நடுவே வெள்ளைப் பூ. அதற்கு முன்னால் விஷமூங்கில் என்ற வெள்ளைப் பூ லில்லி, பள்ளத்தின் அடியில் சேம்பு, விளிம்பு முழுக்க வல்லாரை, கொஞ்சம் வெயில் படும் மூலையில் நீர்ப்பிரமி. எங்களுக்கு அதிகம் வேலை வைக்காத பகுதி இதுதான். கோடையில் கோஷ்டம் தரைக்கு மேல் முழுக்கக் காய்ந்துபோனது. அக்கா பிடுங்கி எறியப் பார்த்தார். கிழங்கு உயிரோடிருக்கிறது, முதல் மழைக்கு வரும் என்று தடுத்தேன், நல்லவேளை வந்தது.

நடுப்பகுதிக்கு, மேட்டின் தலையில் கனகாம்பரம். இதுவும் தென்னிந்தியா, இலங்கைச் செடி, அரை நிழலில் நன்றாகப் பூக்கும், தண்ணீர் நின்றால் மட்டும் ஆகாது. முன்பு செத்த அதே செடி ஒரு சாண் உயரத்தில் வைத்ததும் பிழைத்தது. கூடவே டிசம்பர் பூ. வெளிச்சம் கூடிய ஓரத்தில் ஆடாதோடை, எந்த மண்ணுக்கும் சளைக்காது, ஆடு மாடும் கடிக்காது. தரையை மூட வெடேலியாவுக்குப் பதில் திப்பிலி. காட்டு நிழலில் படர்வதுதான் அதன் இயல்பு, மெதுவாகத்தான் பரவும் என்பதால் முதல் வருடம் இடைவெளிகளில் களை எடுக்க வேண்டியிருந்தது. பிழைத்திருந்த நன்னாரியை மதில் சுவர்க் கம்பியில் ஏற்றிவிட்டோம். மிளகுக் கொடியும் ஆசைப்பட்டோம். அதுவும் நிழல் விரும்பிதான், மேற்குத் தொடர்ச்சி மலைக்குரியது. ஆனால் நீர் தேங்கும் மண்ணில் வாடல் நோய் பிடிக்கும் என்பது தெரிந்ததே, அதனால் விட்டுவிட்டோம்.

மரத்தடிதான் கஷ்டமான இடம், இதில் அதிக நேரம் செலவழித்தோம். உலர் நிழலுக்கு முன்மாதிரி தேடியபோது, சோழமண்டலக் கடற்கரையோரத்து உலர் பசுமைமாறாக் காடுகள் நினைவுக்கு வந்தன. வருடத்தில் பல மாதம் மழையில்லாமல், அடர்ந்த நிழலில், பச்சை மாறாமல் நிற்கும் சிறுமரங்களும் புதர்களும் கொண்டவை. அங்கிருந்து எடுத்த பெயர்கள் காட்டு எலுமிச்சையும் காசானும். இரண்டும் மெதுவாக வளர்பவை, அவசரக்காரர்களுக்கு ஏற்றவை அல்ல. அடியில் கொடிவேலி, ஓரத்தில் மருள். கடைகளில் பாம்புச்செடி என்று விற்பதில் பெரும்பாலானது மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, நாட்டு மருள் அதன் தங்கை போல, இலை இன்னும் ஒடுக்கமாகவும் குழிந்தும் இருக்கும். அதற்கு ஈரம் ஆகாது, மரவேர் தண்ணீரை உறிஞ்சும் இடம் என்பதால் களியிலும் நிற்கிறது.

மரத்தடியில் நட்ட முறை வேறு. பெரிய பை செடி எதுவும் வாங்கவில்லை. கையளவு நாற்றுகள், வேர்களுக்கு இடையில் கைக்கரண்டி நுழையும் இடத்தில் மட்டும் குழி, விரல் தடிமனுக்கு மேற்பட்ட வேர் வந்தால் குழியை மூடிவிட்டு அடுத்த இடம். மற்ற இடங்களிலும் குழி, வேர்ப்பந்தின் ஆழத்துக்கு மேல் இல்லை, ஆனால் இரண்டு மடங்கு அகலம். பக்கங்களை மண்வெட்டி வழவழப்பாக்கிவிடும், அதை முள்கரண்டியால் கீறிவிட்டோம். வெளியே எடுத்த களியையே திரும்பப் போட்டோம். வேர்ப்பந்தின் தலை தரையைவிட இரண்டு விரல் உயரத்தில் இருக்குமாறு வைத்து, மேலே நான்கு விரல் கனத்துக்கு இலைமூடாக்கு, தண்டைத் தொடாமல். மழை நின்ற மறுநாள் தோட்டத்தில் யாரும் காலே வைக்கக் கூடாது என்று ஒரு சட்டம். ஈரக் களியை ஒருமுறை மிதித்தால் நெம்பித் தளர்த்தியதெல்லாம் வீண். நடக்க வேண்டிய வழியில் பலகைக் கற்கள் போட்டோம்.

வெடேலியாவை ஒழிக்க மூன்று தடவை ஆனது. ஒரு கணு மண்ணில் மிஞ்சினாலும் போதும். பிடுங்கியதை உரக்குழியில் போடாமல், வெயிலில் தார்ப்பாயின் மேல் மொறுமொறுவென்று காயவிட்டோம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நாட்டுச்செடி என்றால் சாது என்று அர்த்தமில்லை. கொடிவேலியின் சாறு தோலில் பட்டால் கொப்புளிக்கும். விஷமூங்கில் பெயரிலேயே சொல்லிவிட்டது. செங்காந்தள் கிழங்கு உயிரையே எடுக்கும். பச்சைச் சேம்பு அரிக்கும். அக்காவின் பேத்தி தவழ ஆரம்பித்ததும் கொடிவேலியை மரத்தின் பின்பக்கத்துக்கு மாற்றினோம்.

வேறு ஊரில் இருப்பவர்களுக்கு

இந்தப் பட்டியல் உங்கள் ஊருக்குப் பொருந்தாமல் போகலாம், கேள்வி பொருந்தும். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருந்தால் உலர் நிழலுக்குக் கிறிஸ்துமஸ் பெரணியும் காட்டு இஞ்சி எனப்படும் ஆசாரம் கனடென்சும், ஈரக் களிக்குச் சிவப்பு லொபீலியாவும் அங்கத்திய நாட்டுச்செடிகள். கிழக்கு ஆஸ்திரேலியாவில் லொமாண்ட்ரா லாங்கிஃபோலியா களியையும் நிழலையும் ஒருசேரத் தாங்கும், ஈர நிழலில் நாட்டு வயலெட் படரும். எங்களுக்கு வெடேலியா எப்படியோ, வட அமெரிக்காவில் ஐவி கொடி அப்படி. "நிழலில் எந்த மண்ணிலும் சீக்கிரம் மூடும்" என்று யாராவது விற்றால், அது பரவிப் பரவி எங்கே போய் நிற்கும் என்றும் கேளுங்கள்.

மறுநடவுக்குப் பின், இரண்டாம் மழை முடிந்ததும்

குழாய் முனை காடு மாதிரி ஆகிவிட்டது, சேம்பை வருடம் இருமுறை குறைக்க வேண்டியிருக்கிறது. நடுப்பகுதியில் கனகாம்பரம் இரண்டு போனது, மேடு அமுங்கிய இடத்தில். மண்புழு வந்திருக்கிறது, மூடாக்கை விலக்கினால் தெரிகிறது, நாடா சோதனை இன்னும் ஏழு சென்டிமீட்டர்தான்.

மரத்தடியில் காட்டு எலுமிச்சையின் இலைகளை ஒரு நாள் புழுக்கள் தின்றுகொண்டிருந்தன. அக்கா மருந்து தெளிப்பானோடு நின்றிருந்தார். படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எலுமிச்சைக் குடும்பத்தில் முட்டையிடும் பெரிய நீல வண்ணத்துப்பூச்சியின் புழு. "வண்ணத்துப்பூச்சி வரணும்னு கேட்டது யாரு?" என்றேன். தெளிப்பான் உள்ளே போனது. விஷமூங்கிலில் கறுப்பும் சிவப்பும் வெள்ளையுமாய்ப் புழு வந்தபோது அவ்வளவு பெருந்தன்மை வரவில்லை. அது லில்லி வகைச் செடிகளைத் தேடி வரும் அந்துப்பூச்சியின் புழு, குருத்தோடு காலி செய்தது, கையால் பொறுக்க வேண்டியதாயிற்று.

புங்கமரத்தின் அடித்தண்டைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கு எதுவும் பிழைக்கவில்லை. மூன்று வகை வைத்துப் பார்த்தோம். இப்போது அங்கே இலைச்சருகு மட்டும் கிடக்கிறது, பறவைகள் கிளறிக்கொண்டிருக்கின்றன.

வெட்சியை மட்டும் அக்கா விடவில்லை. பிழைத்த ஒரே ஒரு செடியை, காரை கலக்காத மண்ணில், பெரிய தொட்டியில் மாற்றி வாசல்படி ஓரம் வைத்திருக்கிறார். புது இலை பச்சையாகத்தான் வருகிறது. "இது தோட்டக் கணக்குல சேராது, எழுதாத" என்றார்.